ஒரே நாளில் இரண்டு போட்டி

மே மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் ரீவியை ஒருத்தரும் தொட ஏலாது. பெடியன் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் 500 கார் ஓட்டத்தைப் போட்டுவிட்டு இருப்பான். முதலில் போர்முலா வன் பைத்தியம், அது முற்றி இப்போது இது. வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசை, மொத்தம் 33 கார். இரண்டரை மைல் வட்டத்தை இருநூறு தரம் சுற்றவேண்டும். வென்றவருக்கு ஒரு போத்தல் பால் குடிக்கக் கொடுப்பார்கள்.

போன தரம் இடையில் திரும்பி ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, இவ்வளவு சனம் வந்து இருக்கு. போர்முலா வன்னை விட ஸ்பீடா ஓடுறாங்கள். பிறகேன் என்ர பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் இதைத் தெரியாது?"

"அவங்கள் அடிபட்டுப் பிரிஞ்சவங்கள் தம்பி" என்றேன்.

"யார்? ட்ரைவர்மாரோ?"

"இல்லை. சங்கக்காரர்."

மனிசி குசினிக்குள் இருந்து சிரித்தது கேட்டது. ஏன் சிரித்தா என்று கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கதை எனக்குத் தெரிய வந்தது ஒரு பெற்றோல் செற்றில். 2003ஆம் ஆண்டு நான் ஸ்வான்லிப் பக்கம் ஏ20 ரோட்டில் இரவு வேலை. லண்டனுக்கு வந்த எங்கட ஆட்களில் பாதிப் பேர் அப்போது ஏதோ ஒரு பெற்றோல் செற்றின் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தோம். அந்த ரோட்டால் இன்னும் கொஞ்சத் தூரம் கென்ற் பக்கம் போனால் பிராண்ட்ஸ் ஹட்ச் ஓட்டத்திடல் வரும். மே 5, திங்கள், வங்கி விடுமுறை. விடிய ஆறு மணிக்கே கார்கள் வரிசை கட்டிவிட்டன. நாள் தவறாமல் பேப்பரும் புகையிலையும் வாங்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து, கூட்டாளிக்குச் சுகமில்லை, ஒரு ரிக்கெற் மிச்சம், வாறியா என்று கேட்டார். நித்திரை கண்ணைக் கட்டியது. ஆனாலும் போனேன். ஊரில் சைக்கிள் ஓட்டப்போட்டி மட்டும் பார்த்தவனுக்கு ஓசியில் கார் ஓட்டம் கிடைத்தால் விடுவானா?

அந்தப் போட்டியின் பெயரே லண்டன் சாம்ப் கார் டிரொபி. அமெரிக்கச் சாம்பியன்ஷிப் ஒன்றின் ஒரு சுற்றை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிராண்ட்ஸ் ஹட்ச் ஒரு கிண்ணம் மாதிரி. சரிவில் நின்றால் குட்டைச் சுற்று முழுதும் தெரியும். அந்தச் சுற்றுக்கு இண்டி சேர்க்கிற் என்று பெயர் வந்ததே 1978இல் அமெரிக்கக் கார்கள் அங்கே வந்து ஓடினதாலே. அந்த வருடம் ரிக் மியர்ஸ் வென்றார் என்று கிழவர் சொன்னார். நாங்கள் பார்த்த அன்று வென்றது செபஸ்தியான் போர்டே என்ற பிரெஞ்சுப் பெடியன். அந்தச் சாம்பியன்ஷிப்பில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி. பிறகு 2004 தொடங்கி 2007 வரை நாலு வருடமும் பட்டம் அவருக்கே.

எனக்குச் சத்தமும் வேகமும் போதும். கிழவருக்குப் போதவில்லை. "நீ பாக்கிறது பாதிதான். மற்றப் பாதி வேறை இடத்தில ஓடுது" என்று அவர் சொன்னது அன்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில், காசைக் கொடுத்து மிச்சம் வாங்கும் இடைவெளியில், துண்டு துண்டாகச் சொன்னார்.

கதை இதுதான். இண்டியனாபொலிஸ் திடல் 1909இல் கட்டியது. 500 மைல் போட்டி 1911இல் தொடங்கியது. 1945இல் ஹல்மன் குடும்பம் திடலை வாங்கியது. கோயில் என்றால் அதுதான் கோயில். ஆனால் கார் வாங்கி, மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் கொடுத்து, ஊர் ஊராகப் போய் ஓடுகிறவர்கள் அணி முதலாளிமார். செலவு எங்கட, தீர்மானம் மட்டும் மற்றவையின்ரயா என்ற கோபம் அவர்களுக்கு. 1978இல் டான் கேர்னி என்ற முன்னாள் ஓட்டக்காரர் இதை ஒரு கடிதமாக எழுதிச் சக முதலாளிமாருக்குக் கொடுத்தார். றொஜர் பென்ஸ்கி, பற் பட்றிக் போன்றவர்கள் சேர்ந்து "கார்ட்" என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று தொட்டு சாம்பியன்ஷிப் ஒரு கையில், பெரிய போட்டி இன்னொரு கையில். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஆனாலும் பதினைந்து வருடத்துக்கு மேல் இரண்டும் எரிந்தன, நல்லாகவும் எரிந்தன. 1992இல் போர்முலா வன் பட்டம் வென்ற எங்கள் நாட்டு நைஜல் மன்செல் அடுத்த வருடமே அங்கே போய் அந்தப் பட்டத்தையும் வென்றார் என்றால், அது எவ்வளவு பெரிய இடம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருடம் கிழவர் ஞாயிறு இரவுகளில் பெண்சாதியோடு கதைக்கவே இல்லையாம்.

பிறகு ஹல்மன் வீட்டுப் பேரன் ரோனி ஜோர்ஜ் வந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. செலவு கைமீறிப் போகிறது, அமெரிக்காவின் மண் தடங்களில் ஓடிப் பழகிய ஊர்ப் பெடியங்களுக்கு இண்டியனாபொலிஸ் கதவு பூட்டியிருக்கிறது, காசோடு வரும் வெளிநாட்டுக்காரர் மட்டும் ஓடுகிறார்கள் என்றார். ஐ.ஆர்.எல். என்ற புது அமைப்பை 1996இல் தொடக்கினார். அதோடு நிற்காமல் ஒரு சட்டமும் போட்டார்: 500இன் 33 இடங்களில் 25 என்னுடைய அமைப்பில் ஓடுகிறவர்களுக்கு. மிச்சம் எட்டுக்குத்தான் மற்றவர்கள் அடிபடவேண்டும்.

கார்ட்காரர் என்ன செய்தார்கள்? எங்கள் ஆட்கள் செய்வதையே செய்தார்கள். 1996 மே 26, இண்டியனாபொலிஸ் ஓடும் அதே நாளில், மிச்சிகனில் யூ.எஸ். 500 என்று தங்கள் போட்டியை வைத்தார்கள். வென்றவருக்குப் பத்து இலட்சம் டொலர். பெரிய ஓட்டக்காரர் எல்லாம் இங்கேதான், அங்கே புதுமுகங்கள்தான் என்று பெருமை. பச்சைக்கொடி விழ முதலே முன்வரிசைக் கார்கள் ஒன்றோடொன்று கொழுவி, பத்துப் பன்னிரண்டு கார் நொறுங்கிப் போச்சு. மாற்றுக் கார் எடுத்து வந்து திரும்பத் தொடங்கினார்கள். ஜிம்மி வாசர் வென்று, பால் யாருக்கு வேணும் என்று பகிடி விட்டார். இண்டியனாபொலிஸிலோ முதலிடத்துக்குத் தகுதி பெற்ற ஸ்கொட் பிரேய்ட்டன் பயிற்சியில் இறந்துபோனார். அந்தச் சோகத்தோடு நடந்த போட்டியை பட்டி லசியர் வென்றார். சனம் இரண்டையும் பார்த்தது, இரண்டிலும் பாதியைத்தான் பார்த்தது.

எனக்கு இதில் விளங்கிய சங்கதி என்னவென்றால், ஒரு பக்கத்திடம் இடம் இருந்தது, மற்றப் பக்கத்திடம் ஆட்கள் இருந்தார்கள். இடத்தை வைத்திருந்தவர் ஆட்கள் தானாக வருவினம் என்று நினைத்தார். ஆட்களை வைத்திருந்தவர்கள் தாங்கள் நிற்கும் இடமே கோயில் என்று நினைத்தார்கள். விளம்பரம் கொடுக்கிற கொம்பனிக்காரர் இதொன்றையும் பார்ப்பதில்லை. அவர்கள் கேட்டது ஒரு கேள்வி: மே மாதம் இண்டியனாபொலிஸில் என்ர பெயர் காரில் தெரியுமா? கார்ட் 1998இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்கே போன நிறுவனம், கையில் காசு இருந்தது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 2000இல் சிப் கனாசியின் அணி 500க்குத் திரும்பிப் போய், ஹுவான் பப்லோ மொன்ரோயாவோடு முதல் தரத்திலேயே வென்றது. 2001இல் பென்ஸ்கியும் திரும்பிப் போய் வென்றார். 2002இல் மொத்தமாக அந்தப் பக்கம் மாறிவிட்டார். கார்ட்டைத் தொடங்கியவர் இவர் என்பதை மறவாதீர்கள்! பின்னாலே ஹொண்டாவும் ரொயோட்டாவும் போயின. நான் பிராண்ட்ஸ் ஹட்சில் நின்றது அதற்கு அடுத்த வருடம். அந்த வருட முடிவில் கார்ட் வங்குரோத்து. மூன்று முதலாளிமார் நீதிமன்றத்தில் அதன் சொத்தை வாங்கி, சாம்ப் கார் என்று இன்னும் நாலு வருடம் இழுத்தார்கள்.

மற்றப் பக்கம் வாழ்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஊர்ப் பெடியங்களுக்காகத் தொடங்கியது ஐ.ஆர்.எல். அதன் பெரிய கண்டுபிடிப்பு ரோனி ஸ்டுவர்ட், இண்டியானாப் பெடியன், 1997 சாம்பியன். 1999இல் அவரும் நாஸ்காருக்குப் போய்விட்டார். இரண்டு வீடும் சண்டைபிடிக்க, சனம் மூன்றாம் வீட்டுக்குச் சாப்பிடப் போச்சு.

இதில் எங்கள் நாட்டுக்கும் அடி இருக்கிறது, இதைக் கிழவர் கொஞ்சம் கசப்போடுதான் சொன்னார். அமெரிக்கக் கார் ஓட்டம் என்று பெயர், கார்களோ இங்கிலாந்தில் செய்தவை. லோலா ஹண்டிங்டனில், ரெய்னார்ட் பிசெஸ்டரில், என்ஜின் செய்த கொஸ்வேர்த் நோர்தம்ப்டனில். 1997இல் ஐ.ஆர்.எல். தனக்கென வேறு கார் விதி கொண்டுவந்தது. பாதிச் சந்தை போனது. ரெய்னார்ட் 2002இல் மூடிவிட்டது. அமெரிக்காவில் இரண்டு பேர் கதைக்காமல் விட்டதற்கு ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஆட்கள் வேலை இழந்தார்கள்.

பிராண்ட்ஸ் ஹட்சைப் பற்றி இடையில் ஒன்று. எங்கட கோயம்புத்தூர்ப் பெடியன் நரேன் கார்த்திகேயன் 1999இல் பிரிட்டிஷ் போர்முலா 3இல் வென்றதும் அங்கேதான். 1997, 1998 இரண்டு வருடமும் கார்ட் பட்டம் வென்ற அலெக்ஸ் சனார்டி 2001 செப்ரெம்பரில் ஜேர்மனியில் நடந்த கார்ட் போட்டியில் இரண்டு காலையும் இழந்தார். 2012 லண்டன் பராலிம்பிக்கில் கையால் மிதிக்கிற சைக்கிளில் இரண்டு தங்கம் எடுத்தார். அந்தச் சைக்கிள் ஓட்டம் நடந்ததும் பிராண்ட்ஸ் ஹட்சில். பெடியனைத் தூக்கி வைத்துக்கொண்டு ரீவியில் பார்த்தேன். அவனுக்கு அது ஞாபகமில்லை.

சேர்ந்தது 2008 பெப்ரவரியில். சேர்ந்தது என்பதை விட, சாம்ப் கார் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து ஏறியது என்பதே சரி. பன்னிரண்டு வருடம். போன சனம் அடுத்த நாளே திரும்பி வரவில்லை. 2009இல் ரோனி ஜோர்ஜை அவரது குடும்பமே பதவியால் இறக்கியது. 2020 தொடக்கத்தில் திடலையும் தொடரையும் ஹல்மன் குடும்பத்திடமிருந்து வாங்கியவர் யார் தெரியுமோ? றொஜர் பென்ஸ்கி. கோயிலோடு கோவித்துக்கொண்டு வெளிக்கிட்டவர், நாற்பது வருடத்துக்குப் பிறகு கோயிலையே வாங்கினார்.

இனி என்ன நடக்கும் என்பதுதான் பெடியனின் அடுத்த கேள்வி. 2025இல் 500க்கு இருக்கை எல்லாம் விற்றுத் தீர்ந்தது, அமெரிக்காவில் ரீவியில் 70 இலட்சம் பேர் அளவில் பார்த்தார்கள். அந்த ஆடியில் பொக்ஸ் ரீவி நிறுவனம் பென்ஸ்கியிடம் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. காசு போட்டவன் விளம்பரமும் செய்வான், அது நல்லது. ஆனால் ஓடுகிற காரின் அடிப்படை 2012இல் வந்தது, புதுக் கார் 2028க்கு என்று சொல்லியிருக்கிறார்கள். என்ஜினுக்கு ஹொண்டாவும் ஷெவர்லேயும் மட்டும். ஒன்று கையை விரித்தால் பாடு திண்டாட்டம். அதை விடப் பெரிய பிரச்சினை, மே மாதம் திருவிழா, மற்ற மாதங்களில் கூட்டம் மெலிந்துவிடும். ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு ஐந்நூறு பேர், பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருகிற சங்கம் மாதிரி.

சங்கம் என்றதும் மனிசி சிரித்த கதை. எங்கட ஊர்ச் சங்கம் 2011இல் இரண்டாகப் பிரிந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய காசுக்குக் கணக்குக் காட்டவில்லை என்று ஒரு பகுதி, கேட்ட விதம் பிழை என்று மற்றப் பகுதி. பதிவுப் பெயரும் வங்கிக் கணக்கும் வெற்றிக் கேடயமும் ஒரு பக்கம். விளையாடுகிற பெடியங்கள் மற்றப் பக்கம். ஓகஸ்ட் வங்கி விடுமுறைத் திங்கள் இரண்டு பேரும் விளையாட்டு விழா வைக்கிறோம், ஒரே நாளில். போன வருடம் எங்கள் மைதானத்தில் பத்து வயதுக்குட்பட்டோர் ஓட்டத்துக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் பரிசு. கடைசியாக வந்த பிள்ளையின் தாய் படம் எடுக்கவில்லை.

இப்போது மற்றப் பக்கத்திலிருந்து, சேருவோமா என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் கையில் இன்னும் ஏதோ இருக்கும்போதே வந்த கடிதம் என்பதால் நான் ஆதரவு. கமிட்டியில் உள்ள அண்ணைமார் சொல்லும் தடை ஒன்று: இந்த வருடத்துக்கு இரண்டு மைதானத்துக்கும் முற்பணம் கட்டியாச்சு, திருப்பித் தரமாட்டான்.

2008இலும் இதே சிக்கல் வந்தது. பேசி முடித்தபோது இரண்டு பகுதியும் ஏப்ரல் மாதம் ஒரே வார இறுதியில் ஒவ்வொரு போட்டிக்கு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். ஒன்று கலிபோர்னியாவில் லோங் பீச், மற்றது யப்பானில் மொடேகி. ஒன்றையும் நிறுத்தவில்லை. பழைய சாம்ப் கார் அணிகள் தங்கள் பழைய காரோடு லோங் பீச்சில் ஓடின, வில் பவர் வென்றார். மற்றவர்கள் யப்பானில் ஓடினார்கள், டனிக்கா பட்றிக் வென்றார். அந்த வகைக் கார் ஓட்டத்தில் ஒரு பெண் வென்ற முதல் தரம் அது. இரண்டு போட்டியின் புள்ளியும் ஒரே பட்டியலில் சேர்ந்தது.

வாற ஞாயிறு கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன் என்றேன். "உதை அங்க போய்க் கதைச்சா உங்களுக்கு விசர் எண்டுவினம்" என்றா மனிசி. பெடியன் போனை எடுத்து எங்கள் இரண்டு மைதானத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்தான். இரண்டே கால் மைல்.