ஒரு கார்டு போதுமே!

தீபாவளி முடிந்தால் சிவகாசி பட்டாசு ஆலைகளுக்குச் சில வாரங்கள் விடுமுறை, கூலியும் இருக்காது. ஆனால், கிரெடிட் கார்டு வட்டிக்கு விடுமுறையே கிடையாது. மாதம் 3.5% என்றால் வருடத்துக்கு 42%. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. வேறு! ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

எனவே, போனஸ் வந்ததும் வட்டி அதிகமுள்ள கார்டை முதலில் முழுசாக அடையுங்கள். பிறகு, கணக்கை மூடச் சொல்லி வங்கிக்கு மெயில் அனுப்புங்கள். பாக்கி இல்லையென்றால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதி.

ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரு கார்டு கையில் இருக்கட்டும். மற்றவற்றைக் கத்தரியால் வெட்டிப்போட்டால் மட்டும் போதாது. கணக்கை மூடும்வரை கட்டணம் வந்துகொண்டேதான் இருக்கும்!