கம்பத்தடியில வெள்ளம், கடைமடையில வறட்சி

"எல்இடி போட்டாச்சு, கரண்டு மிச்சம், ஊரே பளிச்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீங்க. ராத்திரி ஒரு தடவை உத்திரமேரூர் பக்கம் வந்து, ஏதாவது ஒரு கிராமத்துத் தெருவில் ரெண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று பாருங்க. கம்பத்தடியில் ஊசி விழுந்தாலும் பொறுக்கலாம். ஐம்பது அடி தள்ளி வந்தால் காலடியில் கிடப்பது கயிறா கட்டுவிரியனா என்று தெரியாது.

நான் எல்இடிக்கு எதிரி இல்லை. பழைய 40 வாட் ட்யூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும். ராத்திரிக்கு 12 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 4,380 மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஒரு விளக்குக்கு 219 யூனிட். 20 வாட் எல்இடிக்கு 88 யூனிட் போதும். நூறு விளக்கு இருக்கிற ஊராட்சிக்கு வருஷத்துக்கு 13,000 யூனிட் மிச்சம். சின்ன விஷயமா? 2015 ஜனவரி 5 அன்று மத்திய அரசு உஜாலா பல்புத் திட்டத்தையும் தேசிய தெருவிளக்குத் திட்டத்தையும் ஒரே நாளில் தொடங்கியது. 2014ல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்இடி பல்பு சில வருஷத்திலேயே 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. நல்ல காரியம்தான், இல்லைன்னு சொல்லல.

ஆனா கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்துடுச்சு. விளக்கை வாட்டாலும் விலையாலும் மட்டும் அளக்கிற பழக்கம். "எத்தனை வாட்? என்ன ரேட்?" இந்த ரெண்டு கேள்வியோட டெண்டர் முடிஞ்சு போச்சு. வெளிச்சம் எங்கே விழும்னு கேட்க ஆளில்லை.

ஏரிப் பாசனத்தில் இருக்கிற எங்களுக்கு இது புதுசில்லை. மதகைத் திறந்துவிட்டு, வாய்க்காலைச் சரி பண்ணாமல் விட்டால், மதகடி நிலத்தில் நாற்று மூழ்கும், கடைமடையில் மண் வெடிக்கும். ஏரியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கு என்று சொல்லி கடைமடைக்காரனைச் சமாதானப்படுத்த முடியுமா? தெருவிளக்குக்கு வாட்தான் ஏரித் தண்ணீர். வாய்க்கால் எதுன்னு கேட்டா, லென்ஸ்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சோடியம் விளக்கு சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஒளி வீசும். எல்இடி சில்லு ஒரு தட்டையான பரப்பு. அதன் முன்பக்கம் மட்டும்தான் ஒளி வரும், அதிலும் நேர் எதிரே அதிகம், பக்கவாட்டில் போகப் போகக் குறையும். மேலே லென்ஸ் இல்லாமல், வெறும் மூடி மட்டும் போட்டுக் கம்பத்தில் மாட்டினால், பெரும்பாலான வெளிச்சம் நேராகக் கம்பத்தடியிலேயே கொட்டும்.

டிப்ளமா படித்த எங்க தெருப் பையன் ஒருத்தன் கணக்குப் போட்டுக் காட்டினான். விளக்கு 6 மீட்டர் உயரம், கம்பத்துக்குக் கம்பம் 30 மீட்டர். 6 மீட்டர் தள்ளி நின்றால் கம்பத்தடி வெளிச்சத்தில் கால் பங்கு. 12 மீட்டர் தள்ளினால் 25ல் ஒரு பங்கு. நட்டநடுவில், ரெண்டு பக்க விளக்கும் சேர்ந்தும்கூட 26ல் ஒரு பங்குதான். தெருவிளக்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1944 என்ற விதிமுறை இருக்கு. சின்ன ரோட்டுக்கு சராசரி 4 லக்ஸ் வெளிச்சம் போதும் என்கிறது அது. ஆனால் எந்த இடத்திலும் அந்தச் சராசரியில் 0.3 பங்குக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. பையன் போட்ட கணக்கில் வந்தது 0.12.

இங்கேதான் பெரிய ஏமாற்று. ஜனங்க "இருட்டா இருக்கு"ன்னு புகார் சொன்னா, 20 வாட்டைக் கழட்டிட்டு 45 வாட் மாட்டுறாங்க. கம்பத்தடியும் நடுவும் ஒரே மடங்கில்தான் கூடும், 26ல் ஒரு பங்கு அப்படியே இருக்கும். கம்பத்தடி இன்னும் பளிச்சென்று ஆனதால் கண் அதற்குப் பழகி, நடுவில் வந்ததும் முன்னைவிட இருட்டாகத் தெரியும். விளக்குக்கு 88 யூனிட் 197 ஆகிறது. ட்யூப்லைட்டை விட்டு மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் காணாமல் போச்சு!

லென்ஸ் என்ன செய்யும்? ஒவ்வொரு சில்லுக்கும் மேலே விரல்நுனி அளவில் உட்கார்ந்து, நேர்கீழே கொட்டுகிற ஒளியை வளைத்து, ரோட்டின் நீளவாக்கில் ரெண்டு பக்கமும் 60, 65 பாகை சாய்வில் அனுப்பும். கம்பத்தடியில் குறைத்து, நடுவில் கூட்டும். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீங்க. 1820களில் ஃப்ரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் கலங்கரை விளக்கத்துக்கு லென்ஸ் கொண்டுவந்தபோது எரிந்தது எண்ணெய் விளக்கு. வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போன ஒளியைத் திரட்டிக் கடல் பக்கம் திருப்பினார், அதே விளக்கு பல மைல் தூரம் தெரிந்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தின விஷயம் இது.

"லென்ஸ் போட்டா வெளிச்சம் குறையும்" என்று சப்ளை பண்றவங்க சொல்வாங்க. உண்மைதான், நூற்றில் எட்டுப் பங்கு லென்ஸிலேயே போகும். ஆனால் மீதி 92ம் வேண்டிய இடத்துக்குப் போகுதே! லென்ஸ் இல்லாத விளக்கின் கண்ணாடி மூடியும் அதே எட்டுப் பங்கைத் தின்கிறது, பதிலுக்கு ஒன்றும் செய்வதில்லை. "விலை கூடும்" என்பார்கள். பல வருஷம் எரியப்போகிற விளக்குக்கு ஒரு தடவை கூடுகிற விலை அது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மட்டமான பாலிகார்பனேட் லென்ஸ் வெயிலில் மஞ்சளாகிவிடும், அக்ரிலிக் அதைவிடத் தாங்கும். இதையும் டெண்டரிலேயே எழுதலாம்.

லென்ஸ் இல்லாத குறைக்கு எங்க ஊரில் ஒரு நாட்டு வைத்தியம் நடக்குது. விளக்கை மேல்நோக்கிச் சாய்த்துக் கட்டிவிடுகிறார்கள், தூரமாகப் போகட்டும் என்று. அது ரோட்டுக்கா போகுது? பைக்கில் வருகிறவன் கண்ணுக்கும், எதிரே இருக்கிற வயலுக்கும் போகுது. பழைய சம்பா ரகங்கள் ராத்திரி நீண்டால்தான் பூக்கும். விளக்கு வெளிச்சம் படுகிற பாத்தி மட்டும் கதிர் தள்ளாமல் பச்சையாக நிற்கும், மற்றதெல்லாம் அறுவடைக்கு வந்திருக்கும். குறுகிய கால ரகத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. ஜப்பானில் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் நெல்லைக் கெடுக்காத தெருவிளக்கையே செய்திருக்கிறார்கள். நாம அவ்வளவு தூரம் போக வேண்டாம். கம்பத்துக்குப் பின்பக்கம் ஒளியைக் குறைத்து ரோட்டுக்குத் திருப்புகிற லென்ஸ் கடையிலேயே கிடைக்குது.

அந்த நடு இருட்டில் யார் நடக்கிறார்கள்? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு விடியாத நேரத்தில் போகிற பெண் பிள்ளைகள். மாட்டுக்குத் தவிடு வைக்கப் போகிறவர்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறவர்கள். "கிராமத்துக்கு எதுக்கு லென்ஸ் எல்லாம்?" என்று கேட்கிறவர்கள் இவர்களுக்குப் பதில் சொல்லட்டும். கூட்டுரோட்டில் உயர்கோபுர விளக்கு வைத்து, கல்வெட்டில் பேர் பொறிச்சு, ஆலமரத்து உச்சிக்கும் ஏரிக்கரைக்கும் வெளிச்சம் போடப் பணம் இருக்கு. தெருவுக்கு ஒரு லென்ஸ் போட மட்டும் இல்லையாம்.

நான் கேட்பது மூன்றுதான். டெண்டரில் வாட்டுக்குப் பதிலாக, இந்த உயரத்தில், இந்த இடைவெளியில், நடுவில் இத்தனை லக்ஸ் என்று எழுதுங்க. ஒளி எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற ஆய்வகச் சான்றை விளக்கோடு வாங்குங்க. மாட்டின பிறகு ராத்திரியில் லக்ஸ் மீட்டர் வைத்து ரெண்டு கம்பத்துக்கு நடுவில் அளந்து பார்த்து பில் பாஸ் பண்ணுங்க, கம்பத்தை எண்ணி இல்லை.

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். குடவோலைன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது என்று அதில் வெட்டியிருக்கு. ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்த ஊர் இது. தெருவிளக்குக்குக் கணக்குக் கேட்க நாம ஏன் கூச்சப்படணும்?

சென்னையில் இருந்தாலும் உங்களில் நிறையப் பேருக்கு ஊரில் இன்னும் ஓட்டு இருக்கு. கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை. அடுத்த ஆகஸ்ட் 15க்கோ அக்டோபர் 2க்கோ லீவில் வரும்போது மனுவில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க: "ரெண்டு கம்பத்துக்கு நடுவில் எத்தனை லக்ஸ்?" பதில் தெரியாமல் முழிப்பாங்க. முழிக்கட்டும். அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அடுத்த டெண்டரில் பேச நமக்கு ஒரு பிடி இருக்கும்.