பொன்னாடைக்கு என்ன அவசரம்?

யுபிஎஸ்ஆர் தேர்வை அரசாங்கம் 2021இல் ரத்து செய்தபோது, ஒரு சடங்கும் அதோடு ஒழியும் என்று எதிர்பார்த்தேன். ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக 7ஏ பிள்ளைகளின் படங்கள் வரும். 2016 முதல் 8ஏ. கீழே ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்று போட்டிருப்பார்கள். தேர்வு போயிற்று, சடங்கு போகவில்லை. பரிசளிப்பு விழாக்களில் அதே ஐந்தாறு பிள்ளைகளுக்குப் பொன்னாடை, அதே பேச்சு. முதல் பரிசு வாங்கியவன் முன்னுக்கு வருவான் என்று சொல்ல ஒலிபெருக்கி எதற்கு?

லுக்குட்டில் வார இறுதி டியூஷன் எடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் கெட்டியாக இருந்தவன்கூட இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாயில் படிக்கத் திணறுவான். ரிமூவ் வகுப்புக்குப் போனவனை வீட்டிலேயே கழித்துக்கட்டிவிடுவார்கள்.

அப்படி ஒரு பையன் வந்தான். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். எஸ்பிஎம்மில் ஓர் ஏ கூட இல்லை. ஆனால் மோட்டார் எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் பழைய நாளிதழில் வரிசையாக வைத்து, பக்கத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொள்வான். திரும்பப் பூட்டும்போது ஒன்றும் மிஞ்சாது. சி ரூசாவில் போர்ட்டிக்சன் போலிடெக்னிக் இருக்கிறது. மெக்கானிக்கல் டிப்ளோமாவும் உண்டு. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அங்கே சேருவதற்கான யுபியு மனுவை அவனுடைய கைப்பேசியில்தான் நிரப்பினோம். பாதியில் மின்னஞ்சல் கேட்டது, பாஸ்வர்டை மறந்திருந்தான். அந்த இடத்திலேயே எத்தனை பிள்ளைகள் விட்டுவிடுகிறார்களோ! இவனுக்கு இடம் கிடைத்தது. எந்த மேடையிலும் பெயர் வாசிக்கவில்லை, அது வேறு கதை.

மெட்ரிகுலேஷன் இடங்களுக்காக நாம் போடும் சண்டை நியாயமானதுதான். 10ஏ எடுத்தால் எந்த இனத்தவருக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் 2024இல் அறிவித்ததை நானும் வரவேற்றேன். ஆனால் நம் இயக்கங்களின் மூச்செல்லாம் அதிலேயே போய்விடுகிறது. நாலு சி, இரண்டு டி வாங்கியவனுக்காக யாரும் மகஜர் கொடுப்பதில்லை.

விழாச் செலவில் பாதியை ஒதுக்குங்கள். எஸ்பிஎம் முடிவு வரும் வாரங்களில் கோயில் மண்டபத்தில் இரண்டு மடிக்கணினி, நல்ல இணைய வசதி, விவரம் தெரிந்த ஆள், இவ்வளவு போதும். ஆளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். போலிடெக்னிக்கில் படிக்கும் நம் பிள்ளைகளையே உட்கார வையுங்கள். அந்த மனு எந்தப் பக்கத்தில் மக்கர் பண்ணும் என்று அவர்களுக்குத் தெரியும்.