பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டால் போதுமா? முயல் அறுப்பில் நாம் செய்யும் இரு தவறுகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

கடந்த மாதம் அஸர் தொழுகைக்குப் பின், மணமேல்குடியில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் ஒரு சிறுவன் தயங்கியபடி கேட்டான்: “ஹஜ்ரத், எங்க அத்தா முயலக் கட்டையால அடிச்சு, அது அசையாமப் போனதுக்கு அப்புறம் அறுத்தாங்க. அதச் சாப்பிடலாமா?” அன்றிரவு அவன் அந்தக் கறியைத் தொடவில்லை. அதற்காக வீட்டில் திட்டும் வாங்கியிருந்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு எழுந்த ஐயம், பெரியவர்களாகிய நமக்கு ஏன் எழவில்லை?

முயல் உண்ணத்தக்க பிராணி என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் அனஸ் (ரலி) அவர்கள் ஒரு முயலைத் துரத்திப் பிடித்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து, அதன் தொடைப்பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார்கள். அதை நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது. நான் இங்கே பேசுவது கூண்டில் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சின்சில்லா போன்ற பண்ணை முயல்களைப் பற்றி மட்டுமே. காட்டு முயலை வேட்டையாடுவது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கைப்பேசியில் காணொளி பார்த்து, பிடரியில் அடிப்பதையும் கழுத்தை இழுத்து முறிப்பதையும் கற்றுக்கொள்வது முதல் தவறு. அடித்துவிட்டால் வலி தெரியாது என்கிறார்கள். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு சிறு பிராணிக்கு மயங்கும் அடி எது, சாகும் அடி எது என்று யாரால் அளந்து அடிக்க முடியும்? அடியிலேயே உயிர் போய்விட்டால், பின்னர் ஓட்டும் கத்தி வெறும் சடங்கே. அடிபட்டுச் செத்ததை அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் பெயர் சொல்லியே தடுத்துள்ளான். செத்த பிராணியின் கழுத்தில் நூறு முறை தக்பீர் சொன்னாலும் அது ஹலால் ஆகாது.

இரண்டாவது தவறு, முதல் தவறைக் கண்டித்துப் பேசும் நம்மவர்களிடமே இருக்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வெங்காயம் அரிந்த மொட்டைக் கத்தியை எடுக்கிறோம். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குகிறோம். மற்ற முயல்கள் பார்த்திருக்கக் கூண்டின் முன்பே அறுக்கிறோம். எதையும் நன்முறையில் செய்வதை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு எளிதாக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆட்டைக் கிடத்திவைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே கத்தி தீட்டிய மனிதரையும் நபியவர்கள் கண்டித்தார்கள். பிஸ்மில்லாஹ்வைக் கற்பித்த மார்க்கமே இதையும் கற்பித்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது என்ன நியாயம்?

மற்றவரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. இளவயதில் நான் முதன்முதலாக முயல் அறுத்தபோது, அடர்ந்த மயிரில் கத்தி வழுக்கியது. மூன்று முறை இழுத்தேன். சத்தமே போடாத பிராணி என்று நான் எண்ணியிருந்த முயல் வீறிட்டது. அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமன்று. கத்தியை முதல் நாளே தீட்டி வையுங்கள். முயலுக்குத் தண்ணீர் காட்டுங்கள். பிடரித் தோலைப் பிடித்து, பின்பகுதியைக் கையால் தாங்கித் தூக்குங்கள். தாங்காவிட்டால் அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். மற்ற முயல்களின் பார்வைக்கு அப்பால் கொண்டுசென்று, சாக்கில் சுற்றி, ஒருவர் பிடித்துக்கொள்ளக் கிப்லாவை நோக்கிக் கிடத்துங்கள். கழுத்து மயிரை விலக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இருபுற இரத்தக்குழாய்களும் அறும்படி ஒரே இழுப்பில் அறுங்கள். தலையைத் துண்டிக்காதீர்கள். கண்ணைத் தொட்டாலும் இமைக்காத நிலை வரும்வரை தோலில் கை வைக்காதீர்கள்.

மோதினார் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. கல்லின் கூர்முனையால் ஆட்டை அறுத்த ஒரு பணிப்பெண்ணின் அறுப்பை நபி (ஸல்) அவர்கள் அங்கீகரித்துள்ளார்கள். முறை தெரிந்த உம்மாவும் அறுக்கலாம். முறை தெரியாத ஆண் கத்தியைத் தொடக் கூடாது.

1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மதம் வேண்டும் முறையில் அறுப்பதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அந்த உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம், மார்க்கம் வேண்டிய முறையில்தான் அறுக்கிறோமா? மொட்டைக் கத்தி எந்த மார்க்கத்தின் முறை?

அன்று மஃக்ரிபுக்குப் பின் அச்சிறுவனின் தந்தையைச் சந்தித்தேன். “வலிக்கக் கூடாதேன்னுதான் ஹஜ்ரத் அடிச்சேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய இரக்கம் சரியானது, வழிதான் தவறு என்றேன். அறுக்கும்போது உயிர் இருந்ததா என்று கேட்டேன். “தெரியல” என்றார். தெரியாததை விட்டுவிடுவதே பேணுதல் என்று சொன்னேன். மீதிக் கறியை அவர் புதைத்தார். அடுத்த முயலை நாங்கள் இருவரும் சேர்ந்து அறுத்தோம். மகன் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்தான். அன்று அவன் சாப்பிட்டான்.

நம் உணவை ஹலாலாகவும், அதை அறுக்கும் நம் கைகளை இரக்கமுள்ளவையாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.