கரண்ட் போனதைக் குற்றம் சொல்லாதீர்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள். எல்லோரையும் போல நாங்களும் மீம்ஸ் பார்த்துச் சிரித்தோம். ஆனால் "கரண்ட் போனதால்தான் மீன்தொட்டித் தண்ணீர் ஹோல் முழுக்க வந்தது" என்று சொல்கிறவர்களோடு எங்களால் உடன்பட முடியாது.

தண்ணீர் தரைக்கு வருவதைத் தீர்மானித்தது குரங்கும் இல்லை, மின்சார சபையும் இல்லை. தொட்டியைப் பூட்டிய நாளில் பைப்பின் வாயை ஆழமாக இறக்கிய கைதான். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. இங்கே கரண்ட் போகாது என்று நம்பிப் பைப் பூட்டுவது என்ன நியாயம்?

மேலே கண்ணாடித் தொட்டி. கீழே அலுமாரிக்குள் சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டி. மோட்டர் கீழிருந்து தண்ணீரை மேலே தள்ளுகிறது. கரண்ட் நின்றதும் என்ன நடக்கும்? மோட்டருக்குள் கதவு ஒன்றும் இல்லை, சுழலும் இதழ்கள் மட்டும்தான். பைப் நிறையத் தண்ணீர், அதன் வாய் தொட்டி நீருக்குள். வகுப்பில் அமுக்கம் படிப்பிக்கும்போது நாங்கள் கீறிக் காட்டுகிற அதே சைபன்தான். பைப்பின் வாய்க்குள் காற்றுப் புகும்வரை தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 120 சென்றிமீற்றர் நீளம், 45 சென்றிமீற்றர் அகலமுள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்றிமீற்றர் குறைந்தால் 5.4 லீற்றர். பைப்பின் வாய் 10 சென்றிமீற்றர் ஆழத்தில் இருந்தால் 54 லீற்றர். சம்பில் 25 லீற்றருக்குத்தான் இடம் என்றால் மிச்சம் 29 லீற்றர் எங்கே போகும்? எக்ஸ்டென்ஷன் கோட் கிடக்கிற அதே தரைக்குத்தான். கரண்ட் திரும்பி வரும்போது பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் நிற்கலாம். சம்பில் இருக்க வேண்டிய தண்ணீர் தரையில் கிடப்பதால் மோட்டர் வெறுமையாக ஓடிச் சூடேறும். அது வேறு செலவு.

அதே வாயை 2 சென்றிமீற்றர் ஆழத்தில் வைத்தால் இறங்குவது 11 லீற்றர் அளவுதான். மேலிருந்து வழிந்து வருகிற பைப்பாலும் சில லீற்றர் இறங்கும். இரண்டும் சம்புக்குள் அடங்கிவிடும். ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் கடையில் என்ன சொல்கிறார்கள்? "ஒன்வே வால்வ் ஒன்னு போடுங்க சேர், ஒரு சொட்டும் திரும்பி வராது." இதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். வால்வ் கெட்ட பொருள் அல்ல. அதை மட்டும் நம்பச் சொல்வதுதான் பிழை. உள்ளே இருக்கிற மூடியில் ஒரு மணல், கொஞ்சம் பாசி, ஒரு குட்டி நத்தை சிக்கினால் போதும், அது முழுதாக மூடாது. அது மூடவில்லை என்பது கரண்ட் போன பிறகுதான் தெரியும். பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போடுகிற 5 மில்லிமீற்றர் ஓட்டையையும் பாசி அடைக்கும்தான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும், ஈர்க்கிலால் குத்திவிடலாம். இரண்டு ஓட்டை போட்டால் இன்னும் நல்லது.

சம்ப் இல்லாத வீடுகள்தான் அதிகம். அங்கே எயார் பம்ப். அதைத் தொட்டிக்குக் கீழே, மேசைக்கு அடியில் மறைத்து வைப்பது அழகு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! கரண்ட் நின்றால் மெல்லிய டியூப் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கலாம், அங்கிருந்து வயர் வழியாகப் பிளக் வரைக்கும் போகலாம். ஒவ்வொரு முறையும் நடக்காது. அதனால்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே தட்டில் வையுங்கள். முடியாவிட்டால் மட்டும் டியூபில் சிறிய வால்வைப் போடுங்கள். போடுமுன் ஊதிப் பாருங்கள்: பம்ப் பக்கத்திலிருந்து காற்றுப் போக வேண்டும், தொட்டிப் பக்கத்திலிருந்து போகக் கூடாது. வயரையும் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்க விடுங்கள். வழிகிற சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

இன்னொன்று. தண்ணீர் மாற்றும்போது பைப்பில் பூட்டிய ஹோஸைத் தொட்டிக்குள் மூழ்க விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரம் பைப் தண்ணீர் நின்றால் மீன்தண்ணீர் வீட்டு லைனுக்குள் இழுபடும். அதே லைனில்தான் குசினி டெப்பும். ஹோஸின் வாய் எப்போதும் நீருக்கு மேலேயே நிற்கட்டும்.

தொட்டி பூட்டித் தருகிற கடைக்காரர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பூட்டி முடிந்ததும் மோட்டர் பிளக்கை நீங்களே கழற்றுங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும்வரை பத்து நிமிடம் எங்களோடு நின்று பாருங்கள். கரண்ட் வந்து மோட்டர் ஓடும்போது சம்பில் தண்ணீர் எதுவரை நிற்கலாம் என்று மாக்கரால் ஒரு கோடு கீறித் தாருங்கள். பிறகு பில்லைப் போடுங்கள்.