111 இன் மறுமுனையில் எம்மவர் எங்கே?

கிளென்ஃபீல்டிலும் அதனைச் சூழ்ந்த நோர்த் ஷோர் பகுதிகளிலும் வாழும் எம் குடும்பங்களில் 111 என்ற இலக்கத்தை அறியாதார் இலர். அழைக்கத் தயங்குவோரோ பலர். பொலிசார் வீடு தேடி வந்தால் என்ன நேரும் என்பதைப் பட்டறிந்து வந்தவர்கள் நாம். அந்த அச்சமும் எம்முடனேயே விமானம் ஏறிற்று. அம்புலன்ஸுக்குக் கட்டணம் வருமே என்ற கணக்கும் உண்டு. (விபத்துக் காயமாயின் அச்செலவை விபத்து இழப்பீட்டுக் கூட்டுத்தாபனம் ஏற்கின்றது.)

1958இல் மாஸ்டர்டன், கார்ட்டர்டன் ஆகிய சிற்றூர்களில் தொடங்கிய சேவை இது. தீயணைப்பா, அம்புலன்ஸா, பொலிசா என்று முதலில் ஒருவர் வினவி, உரிய நிலையத்துடன் இணைப்பார். அங்கே முதற் கேள்வி விலாசம். எம்மவரோ முதல்நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து வரலாற்றைத் தொடங்குவர். கிளென்ஃபீல்ட் வீதி நெடியது. ஒரே காணியில் முன்வீடும் பின்வீடும் இருக்கும். 2017 முதல் கைத்தொலைபேசியின் இருப்பிடம் தானாகவே தெரியவருகிறது எனினும், எந்தக் கதவு என்பதை நாமே சொல்லவேண்டும். அடுத்தடுத்த கேள்விகளால் வண்டி தாமதிப்பதாக எண்ணிச் சிலர் தொடர்பைத் துண்டிக்கின்றனர். ஒருவர் வினவிக்கொண்டிருக்கையிலேயே மற்றொருவர் வண்டியை அனுப்புகின்றார். மூச்சு நின்றவரின் மார்பை எப்படி அழுத்துவது என்பதையும் அந்தக் குரலே கற்பிக்கும்.

மறுமுனையிலும் தவறு நேர்ந்ததுண்டு. 2004 ஒக்டோபரில் பீஹாவிலிருந்து இரேனா ஆஷர் என்ற இளம்பெண் தமக்கு அச்சமாக உள்ளதென 111இல் முறையிட்டார். பொலிஸ் வண்டிக்குப் பதிலாக டாக்ஸி ஒன்று ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவும் ஒனிஹங்காவுக்குச் சென்றது. அவர் காணாமற்போனார். கடலில் மூழ்கி இறந்தார் என 2012இல் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசத் தெரிந்த பெண்ணின் அச்சமே சரிவர எடைபோடப்படவில்லை. எம் முதியோரின் நிலை என்ன?

நெஞ்சடைப்பை "வாயு" என்பவர் எம் தாய்மார். பத்து வயதுப் பேரன் அதை அப்படியே ஆங்கிலமாக்குவான். பிள்ளையின் தலையில் அச்சுமையை ஏற்றுவதைவிட, "தமிழ்" என்று சொல்லித் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளரும் சொன்னதைத்தான் சொல்வார். "எந்தப் பக்கம் நோகுது, அம்மா? வேர்க்குதா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இருத்தல் வேண்டும். எல்லாத் தமிழ் அழைப்பும் அவரிடமே செல்லும் என நாம் கூறவில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் ஐயம் கேட்க ஓர் ஆள் இருப்பார், அதுவே பெரிது.

இப்பணிக்குப் பட்டம் கட்டாயமில்லை. கூர்ந்து கேட்கும் செவியும், கேட்டபடியே தட்டச்சுச் செய்யும் விரல்களும், பதறாத மனமும் வேண்டும். பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒக்லாந்திலேயே தொடர்பாடல் நிலையங்கள் உள்ளன. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் எம் பெற்றோர் நோக்குவதில்லை. இரவுப் பணி பெண்பிள்ளைக்கு ஏன் என்றும் கேட்பர். அதே இரவில் வைத்தியசாலையில் தாதியாக நிற்கும் மகளைப் பற்றிக் கோயிலில் பெருமை பேசுபவர்களும் அவர்களே.