வரவேற்பு யாருக்கு?

ஆண்டுதோறும் முதலாந் தவணையின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆரம்பப் பாடசாலைகளிலே கால்கோள் விழா நடைபெறுகின்றது. வாயிலில் வாழை நாட்டப்படுகிறது, நிறைகுடம் வைக்கப்படுகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தம்மிலும் இளையவர்க்கு மாலை சூட்டிக் கைபிடித்து உள்ளே அழைத்து வருகின்றனர். பிரதம விருந்தினர் எழுந்து, பாடசாலை என்பது பொதுச் சொத்து என்றும், இதற்குள் உயர்வு தாழ்வு கிடையாது என்றும் முழங்குகிறார். நாமும் கைதட்டுகிறோம். பின்னர் வடையும் தேநீரும் வருகின்றன.

சென்ற ஆண்டு அத்தகைய விழாவொன்றுக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். உட்கிராமத்துச் சிறு பாடசாலை அது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பதினொருவர். பெற்றோருக்கென முப்பது கதிரைகள் போடப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. ஆயினும் முதியவர் ஒருவர் பின்னால் வேப்பமரத்தடியிலே நின்றுகொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பதினொருவரில் ஒருத்தி அவருடைய பேத்தி. "ஐயா, வந்து இருங்கோ" என்று கதிரையைக் காட்டினோம். "பறவாயில்லை மாஸ்ரர், நான் நிக்கிறன். உதிலை இருந்து எனக்குப் பழக்கமில்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு தாமாகவே சொன்னார்: "நான் படிக்கேக்கை எங்களுக்கு வாங்கு இல்லை. நிலத்திலைதான். ரண்டு வரியத்தோடை விட்டிட்டன்."

மேடையிலே அப்பொழுது 'உயர்வு தாழ்வு கிடையாது' என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அம்முதியவரின் கால்களை மரத்தடியிலே கட்டி வைத்தது எது என்பதை நம் மாணவர்கள் அறியமாட்டார்கள். பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, அரசாங்க உதவிப்பணம் பெற்ற பாடசாலைகளிற்கூட, தாழ்த்தப்பட்ட சாதியினரென ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் தரையிலே இருந்தார்கள். ஏனையோர் வாங்கிலே இருந்தார்கள். இக்கொடுமைக்கு எதிராக எழுந்த கோரிக்கைக்கே 'சம ஆசனம்' என்று பெயர். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்த இயக்கமும், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தனர். உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருத்தப்பட வேண்டும் என்று கல்வித் திணைக்களம் கட்டளையிட்டபோது நம் கனவான்கள் என்ன செய்தனர்? அக்கட்டளையை நீக்குமாறு மனுக் கொடுத்தனர். தம் பிள்ளைகளை மறித்தனர். 1930 ஐ ஒட்டிய அந்நாட்களில் பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. கல்வியைக் கண்ணென்று போற்றுவதாகப் பெருமை பேசும் சமூகம், ஏழைப் பிள்ளை வாங்கிலே இருப்பதைக் காண்பதிலும் பள்ளிக்கூடம் எரிவதைக் காண்பதே நலமென்று கருதிய காலம் அது.

பின்னர் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை இன்றும் நன்றியோடு சொல்கிறோம். 1957 இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையிற் சேரவிடாது தடுப்பதைக் குற்றமாக்கியது. 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. இவ்வளவும் நடந்தன. ஆயினும் ஐம்பதுகளின் பிற்பகுதியிலே, ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கிராமங்கள் சிலவற்றில் சிங்களம் கற்பிக்கும் பௌத்த பாடசாலைகள் திறக்கப்பட்டபோது அங்கே நம் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். மொழிக்காகக் கொதித்தெழுந்த பெரியோரில் எத்தனை பேர், தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாயிலிலே தடுத்தது யார் என்று தம்மையே கேட்டனர்? 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்திய டொமினிக் ஜீவா, சாதி அவமானத்தாற் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர். ஈழத்து இலக்கியத்துக்கு ஒரு களம் அமைத்தவரை ஒரு வகுப்பறை வைத்திருக்க மாட்டேனென்றது.

'அதெல்லாம் பழங்கதை, இன்று எல்லோரும் வாங்கிலேதானே இருக்கிறார்கள்?' என்பர் சிலர். உண்மைதான். இன்று ஒரே வகுப்பறையில் வேறு வேறு இருக்கை தேவைப்படவில்லை, வகுப்பறையையே வேறாக்கிவிட்டோம். காலை ஆறரை மணிக்கு எந்தக் கிராமத்துச் சந்தியிலும் நின்று பாருங்கள். சிற்றுண்டிப் பெட்டியும் தூக்கக் கண்ணுமாக ஐந்து வயதுப் பிள்ளைகள் வான்களில் ஏற்றப்பட்டு நகரத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். கூப்பிடு தூரத்திலே அரசாங்கப் பாடசாலை இருக்கிறது. அங்கே என்ன குறை என்று தகப்பனைக் கேட்டால், "அங்கை இப்ப எல்லாரும் படிக்குதுகள்" என்பார். இந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்திலே என்ன பொருள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1960 இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பாடசாலைக்குள் காலடி வைத்தபோது, வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினர். அதை வாசித்து நம்மவர் உச்சுக்கொட்டுகிறார்கள். நம்மூரிலே கூச்சலில்லை, பொலிஸ் காவலில்லை. வான் மட்டுமே வருகிறது.

நகரத்துப் பெரிய பாடசாலையின் வாயிலில் நடப்பதையும் பாருங்கள். அனுமதிக்குப் போட்டி மிகுந்த அரசாங்கப் பாடசாலைகளிலே, முதலாம் வகுப்பு இடங்களில் ஒரு பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. கேட்பதற்கு இனிமையான ஏற்பாடு! தந்தை படித்த பள்ளியிலே மகனும் படிக்கட்டுமே என்று தோன்றும். ஆனால் எந்த வாயிலில் ஒருவனுடைய பாட்டனுக்கு இடம் மறுக்கப்பட்டதோ, அதே வாயிலில், 'உன் பரம்பரை இங்கே படித்ததா?' என்று அவனுடைய பிள்ளையைக் கேட்பது என்ன நியாயம்? சாதி என்ற சொல் சுற்றறிக்கையில் எங்குமே இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. எஞ்சிய வேலையை 'எவடம்?', 'ஆற்றை பேரன்?' என்ற இரண்டு கேள்விகள் செய்துவிடுகின்றன. அதற்கு மேலும் தப்பி வந்தவனை 'அபிவிருத்திக்கு' என்ற பெயரில் நீட்டப்படும் உண்டியல் நிறுத்திவிடுகிறது.

போட்டிப் பரீட்சைக் காலத்திலே நல்ல பாடசாலையைத் தேடுவது பெற்றோரின் கடமையாயிற்றே என்று நம் நண்பர்கள் வாதிடுகின்றனர். நாற்பதுகளில் மத்திய பாடசாலைகளோடு கூடிப் பிறந்த புலமைப்பரிசில், கிராமத்து ஏழைப் பிள்ளையை உயர்கல்விக்கு ஏற்றிவிடும் ஏணியாகக் கருதப்பட்டது. இன்று அதே ஏணியில் ஏறுவதற்கு ரியூஷன் காசு கேட்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்தால் பாடம் குறைகிறது. பாடம் குறைந்ததைக் காட்டி மேலும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்கிறார்கள். சிறு பாடசாலையைத் தரங்கெடுத்தவர்களே அதன் தரத்தைக் காரணங்காட்டுவது வேடிக்கை.

மாலை போடுவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. ஆனால் வரவேற்பு என்பது வாயிலிலே தொடங்குவதன்று. பாடசாலைக்கு அருகிலுள்ள வீடுகளுக்கு, எந்தக் குறிச்சியாயினும், அதிபரும் ஆசிரியரும் நடந்து போய்ப் பிள்ளையை அழைக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, நாட்கூலிக்குப் போகிறவனுக்குப் பொறுப்பில்லை என்று குறைகூறுவதை விட வேண்டும். அபிவிருத்திச் சங்கத்தின் நிருவாகத்திலே ஆண்டாண்டாக ஒரே நான்கு வீட்டுக்காரர் இருப்பது மாற வேண்டும். பழைய மாணவருக்கான பங்கு ஒழிய வேண்டும். பிள்ளையின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையேயுள்ள தூரம் ஒன்றே கணக்காதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் சென்ற தவணை ஆசிரியர் அறையிலே எடுத்துச் சொன்னோம். கேட்டிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது சரி தம்பி, உங்கடை மகள் வாற வரியம் எங்கை?" என்றார். அறையிலிருந்த பலருடைய பிள்ளைகள் நகரத்துக்கே போகின்றனர். எவரும் பேசவில்லை, நாமும் அன்று பேசவில்லை. வீட்டிலே இரண்டு கிழமை வாதம் நடந்தது. இறுதியில் விண்ணப்பத்தை அந்த வேப்பமரத்துப் பாடசாலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிபர் அதை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டு, "உண்மையாத்தானோ மாஸ்ரர்?" என்று கேட்டார்.